வாசகர் கேள்வி பதில்: மூன்று நாள்களும் நான்காம் நாளும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கத்தோலிக்கத் திருச்சபையில் நடைபெறும் குர்சில்லோ என்னும் வார இறுதிப் பயிற்சியைப் பற்றியே இருப்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். நானும் ஒரு காலத்தில் அந்த மூன்று நாள்களில் உட்கார்ந்து எழுந்தவன். பின்னர் சில முறை பணிக்குழுவிலும் இருந்தவன். அந்தச் சாய்வு என் பதில்களில் தென்பட்டால் வாசகர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வியாழக்கிழமை மாலை புறப்பட்டுப் போன என் கணவர் ஞாயிறு இரவுதான் திரும்பினார். முகத்தில் இதுவரை நான் பார்க்காத ஒரு தெளிவு. என்ன நடந்தது என்று கேட்டால் சிரிக்கிறார். "நீயே போய்ப் பார்" என்கிறார். மனைவியிடம் சொல்லக் கூடாத அளவுக்கு அங்கே என்னதான் இருக்கிறது? இது ஒரு ரகசியச் சங்கமா? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் மட்டும் எதையோ கண்டுகொண்டவர்போல் நடமாடினால் மற்றவருக்கு எவ்வளவு கசக்கும் என்பதை, போய்வந்த உற்சாகத்தில் இருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ரகசியம் காப்பதாக யாரும் அங்கே உறுதிமொழி எடுப்பதில்லை. உரைகளின் தலைப்புகளும் வரிசையும் இயக்கத்தின் அச்சிட்ட நூல்களிலேயே இருக்கின்றன. உடன் இருந்தவர்கள் மனம் திறந்து சொன்ன சொந்த விஷயங்களை வெளியே பேசாமல் இருப்பது நாகரிகம்; அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லலாம். உங்கள் கணவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

வியாழன் மாலை கூடுகிறவர்கள் அன்றிரவிலிருந்து மறுநாள் காலை வரை மௌனம் காக்கிறார்கள். தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, ஊதாரி மைந்தன் வீடு திரும்பியது ஆகியவற்றைப் பற்றிய சிந்தனைகளும் சிலுவைப்பாதையும் அந்த நேரத்துக்கு உரியவை. வெள்ளிக்கிழமை காலையில் மௌனம் கலைகிறது. அதன்பின் ஞாயிறு வரை 15 உரைகள் நடைபெறுகின்றன. ஸ்பானிய மொழியில் ஓர் உரையை 'ரோயோ' என்கிறார்கள், சுருள் என்று பொருள். அவற்றுள் பத்தைப் பொதுநிலையினரும், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களும், ஐந்தை அருள்பணியாளர்களும் ஆற்றுகிறார்கள். அருளைப் பற்றியும், நம்பிக்கையைப் பற்றியும், அருளடையாளங்களைப் பற்றியும், அருளுக்குத் தடையாக நிற்பவற்றைப் பற்றியும் பேசுவது அருள்பணியாளரின் பங்கு. ஆனால் முதல் உரையை ஆற்றுபவர் பொதுநிலையினர்தான். 'இலட்சியம்' என்ற அந்த உரையில் கடவுளைப் பற்றிய பேச்சே ஏறக்குறைய வராது. உங்கள் நேரம் எங்கே போகிறது, பணம் எங்கே போகிறது, சும்மா இருக்கும்போது மனம் எதைச் சுற்றி வருகிறது, இம்மூன்றையும் கூட்டிப் பார்த்தால் நீங்கள் எதற்காக வாழ்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும் என்பதே அதன் சாரம். செபம் செய்யப் போகிறோம் என்று வந்து உட்கார்ந்தவருக்கு இந்தக் கணக்குக் கேட்பது கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும்.

ஒவ்வோர் உரை முடிந்ததும் மேசை மேசையாக அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒவ்வொரு மேசைக்கும் 'தெக்கூரியா' என்று பெயர். பத்துப் பேர் கொண்ட உரோமைப் படைப்பிரிவின் பெயர் அது. ஒருவர் குறிப்பெடுக்க, எல்லாரும் சேர்ந்து அந்த உரையின் கருத்தை ஒரு தாளில் படமாக வரைய வேண்டும். என் மேசையில் ஐம்பது வயது கடந்த பொறியாளர் ஒருவர் இருந்தார். அலுவலகத்தில் அவர் கையெழுத்துக்காகக் கோப்புகள் காத்துக் கிடக்கும். அவர் ஒரு மெழுகு வண்ணக்குச்சியை எந்த விரல்களுக்கிடையில் பிடிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு மரம் வரைந்தார். அது துடைப்பம்போல் வந்திருந்தது. மேசையே சிரித்தது, அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர் தம் மகனோடு நான்கு ஆண்டுகளாகப் பேசவில்லை என்பதைச் சொன்னார். அங்கே நடப்பவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். இதோடு அன்றாடத் திருப்பலி, விரும்புவோருக்கு ஒப்புரவு அருளடையாளம், பாட்டு, சேர்ந்து உண்பது, ஞாயிறு மாலை நிறைவுக் கூட்டம். இவ்வளவே.

"நீயே போய்ப் பார்" என்று உங்கள் கணவர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் அவரிடம் சொற்கள் இல்லாமைதான். ஆனால் அந்தப் பதிலை அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியை வெட்டி அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: இந்த இயக்கத்தை எந்தத் துறவற சபை தொடங்கியது? எப்போது? – இறையியல் மாணவர் ஒருவர்

பதில்: எந்தத் துறவற சபையும் தொடங்கவில்லை என்பதுதான் இதன் சுவையான பகுதி. ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா தீவில், 1917 இல் பிறந்த எதுவார்தோ பொன்னின் என்ற இளைஞரையும் அவருடைய நண்பர்களையும் சுற்றி இது உருவாயிற்று. திருமணம் செய்துகொள்ளாமலும் குருத்துவத்தை நாடாமலும், 2008 இல் இறக்கும் வரை பொதுநிலையினராகவே வாழ்ந்தவர் பொன்னின். பக்தியுள்ள குடும்பத்தில் வளர்ந்த அவர் இராணுவப் பணிக்குப் போனபோது, தம் வீட்டில் பேசப்பட்ட மொழிக்கும் படைவீட்டில் பேசப்பட்ட மொழிக்கும் தொடர்பே இல்லாததைக் கண்டார். அந்த வீரர்கள் கெட்டவர்கள் அல்லர், திருச்சபை அவர்கள் காதில் விழும் தொலைவில் இல்லை, அவ்வளவே என்று அவருக்குப் பட்டது. மனிதர்கள் வாழும் சூழலை முதலில் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று அவர் எழுதி வாசித்த 'சூழலை ஆராய்தல்' என்ற உரையே இயக்கத்தின் விதை. இன்றும் அது அந்த 15 உரைகளுள் ஒன்றாக இருக்கிறது.

இதற்கு வாய்ப்பாக அமைந்தது ஒரு திருப்பயணம். திருத்தூதர் யாக்கோபின் கல்லறை இருப்பதாக மரபு போற்றும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு நாட்டின் கத்தோலிக்க இளைஞர்களைப் பெருங்கூட்டமாக அழைத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம், 1936 இல் மூண்ட உள்நாட்டுப் போராலும் பின்னர் வந்த உலகப் போராலும் தள்ளிப்போய், 1948 ஆகஸ்டில்தான் கைகூடியது. இடைப்பட்ட ஆண்டுகளில், திருப்பயணிகளை வழிநடத்தப் போகிறவர்களுக்குச் சிறு பயிற்சிகள் நடத்தப்பட்டன. 'குர்சில்லோ' என்ற சொல்லுக்குச் 'சிறு பயிற்சி' என்பதே பொருள். அவற்றுள் ஒன்றில் கலந்துகொண்ட பொன்னின், அதன் வடிவத்தை எடுத்துத் தம் கருத்துக்கு ஏற்ப மாற்றி, 1944 ஆகஸ்டில் காலா ஃபிகேரா என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு பயிற்சியை நடத்தினார். திருப்பயணம் முடிந்த பிறகு, 1949 ஜனவரி 7 முதல் 10 வரை சான் ஓனோராத்தோ மடத்தில் நடந்ததையே முதல் குர்சில்லோவாக வரிசை எண் இட்டார்கள். பொன்னினோ 1944 இல் நடந்ததே முதலாவது என்று கடைசிவரை சொல்லிவந்தார். என்னைக் கேட்டால் அவர் சொன்னதே சரி. பெயர் சூட்டும் நாளைப் பிறந்த நாளாகக் கொள்ள முடியாது.

பொதுநிலையினர் தொடங்கினார்கள் என்பதால் குருக்களின் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மயோர்க்காவின் ஆயர் ஹுவான் எர்வாஸ் இந்த இளைஞர்களை நம்பிக் கதவைத் திறந்துவிட்டார். செபாஸ்தியான் கயா, ஹுவான் காப்போ போன்ற அருள்பணியாளர்கள் இறையியல் தூணாக நின்றார்கள். 1957 இல் ஸ்பானிய விமானப்படையினர் இருவர் வழியாக இது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள வேக்கோ நகரை அடைந்தது. 1961 முதல் ஆங்கிலத்திலும் நடைபெற்றது. 1963 இல் திருத்தந்தை ஆறாம் பவுல், திருத்தூதர் பவுலை இயக்கத்தின் பாதுகாவலராக அறிவித்தார். 1980 இல் உலக அமைப்பு ஒன்று ஏற்பட்டு, 2004 இல் அதன் விதிமுறைகளுக்கு வத்திக்கான் ஒப்புதல் வழங்கியது. 'பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி' பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஆணைமடல் 1965 இல் வெளிவந்தது. மயோர்க்கா இளைஞர்கள் அதற்கு 20 ஆண்டுகள் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் தியானத்துக்குப் போகிறேன். அருங்கொடை செபக் கூட்டங்களிலும் கலந்துகொள்கிறேன். இது எந்த வகையில் வேறு? – ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: தியானத்தில் குரு போதிக்கிறார், நீங்கள் மௌனத்தில் தனியாகக் கேட்கிறீர்கள், அடுத்த ஆண்டும் போகலாம், போகவும் வேண்டும். குர்சில்லோவில் உங்களைப்போன்ற குடும்பத்தினர் தம் வாழ்வை வைத்துப் பேசுகிறார்கள், நீங்கள் அவர்களோடு பேசுகிறீர்கள். பங்கேற்பாளராக அதில் அமர்வது வாழ்வில் ஒரே ஒரு முறைதான். அருங்கொடை இயக்கத்துக்கு உரிய பரவசப் பேச்சோ குணமளிக்கும் வழிபாடோ இங்கே கிடையாது. ஆயினும் இரண்டுக்கும் உறவு உண்டு: 1967 இல் அமெரிக்காவில் கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் எழுந்தபோது அதன் தொடக்ககாலத் தலைவர்களாக விளங்கிய ஸ்டீவ் கிளார்க்கும் ரால்ஃப் மார்ட்டினும் அதற்குமுன் குர்சில்லோவில் பணியாற்றியவர்களே.

கேள்வி: போய்வந்து ஏழு மாதம் ஆகிறது. முதல் மாதம் சிறகு முளைத்ததுபோல் இருந்தது. அதிகாலையில் எழுந்து செபித்தேன், யாரைக் கண்டாலும் அன்பு பெருகியது. இப்போது எல்லாம் வடிந்து பழைய நிலைக்கே வந்துவிட்டேன். மீண்டும் ஒரு முறை போகலாமா என்று கேட்டதற்கு அனுமதி இல்லை என்கிறார்கள். நான் தோற்றுவிட்டேனா? – ஒரு வாசகர்

பதில்: வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்களுடையது, ஏனெனில் இதே கடிதத்தை நானும் ஒருவருக்கு எழுதியிருக்கிறேன்.

நீங்கள் தோற்கவில்லை. மூன்று நாள் சரியாகத் தூங்காமல், நல்ல மனிதர்களோடு, பாட்டும் செபமுமாக இருந்துவிட்டு வந்தால் யாருக்கும் சிறகு முளைக்கும். அது சில வாரங்களில் உதிர்வதும் இயல்பு. இதைத் தொடங்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் முன்பயிற்சி, பயிற்சி, பின்பயிற்சி என்று மூன்று கட்டங்களாக இதை வகுத்து, மூன்றாவதையே மற்ற இரண்டின் நோக்கமாக வைத்தார்கள். ஞாயிறு மாலை வீட்டுக்குத் திரும்பும் நேரம் தொடங்கிச் சாகும்வரை உள்ள வாழ்நாள் முழுவதற்கும் 'நான்காம் நாள்' என்று பெயர். நீங்கள் இப்போது இருப்பது அந்த நாளில்தான். முதல் மூன்று நாள்களுக்குத் திரும்பிப் போக அனுமதி கேட்பது, திருமண விருந்து நன்றாக இருந்தது, இன்னொரு முறை பந்தியில் உட்காரலாமா என்று கணவன் கேட்பதைப்போன்றது.

உங்கள் கடிதத்தில் நான் தேடிப் பார்த்தும் கிடைக்காத ஒரு சொல் இருக்கிறது: குழு. மூன்று நாள்களின் இறுதியில் உங்களிடம் இரண்டு கருவிகளைக் கொடுத்திருப்பார்கள். ஒன்று, நான்கைந்து நண்பர்கள் வாரம் ஒருமுறை கூடும் குழுச் சந்திப்பு. மற்றது, அத்தகைய குழுக்கள் எல்லாம் ஒன்றுசேரும் 'உல்த்ரேயா'. இடைக்காலத்தில் சந்தியாகோவுக்கு நடந்து போன திருப்பயணிகள் வழியில் சோர்ந்தவரைப் பார்த்து 'முன்னே, இன்னும் முன்னே' என்று குரல் கொடுக்கப் பயன்படுத்திய சொல் அது. சிறகு உதிர்ந்த பிறகு காலால் நடப்பதற்குத்தான் இவ்விரண்டும்.

குழுச் சந்திப்பு எப்படி இருக்கும் என்பதைச் சொன்னால், அது எவ்வளவு எளியது என்று நீங்களே வியப்பீர்கள். சட்டைப்பையில் அடங்கும் ஒரு மடிப்பு அட்டை. என்னுடையது மடிக்கும் இடத்தில் கிழிந்து, ஒட்டுநாடாவால் பிடித்து வைத்திருக்கிறேன். தூய ஆவியாரை நோக்கி ஒரு சிறு செபம். பிறகு ஒவ்வொருவரும் மூன்று தலைப்புகளில் அந்த வாரத்தைச் சொல்ல வேண்டும்: பக்தி, படிப்பு, செயல். இவற்றை முக்காலியின் மூன்று கால்கள் என்பார்கள். நாற்காலியைப்போல் அல்லாமல் முக்காலி எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும், ஆனால் ஒரு கால் போனால் விழுந்துவிடும். அதன்பின், இந்த வாரம் கிறிஸ்துவுக்கு மிக அருகில் இருந்ததாக உணர்ந்த நேரம் எது, அவருக்காகச் செய்த ஒன்று கைகூடியது எங்கே, கைநழுவியது எங்கே, அடுத்த வாரத்துக்கு என்ன எண்ணியிருக்கிறாய் என்ற கேள்விகள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அங்கே அறிவுரை சொல்வதோ விவாதிப்பதோ வழக்கம் இல்லை.

எங்கள் குழுவில் கணக்கர் ஒருவர் இருந்தார். அருகில் இருந்த நேரம் எது என்ற கேள்விக்கு ஏழு வாரம் தொடர்ந்து "இல்லை" என்றார். அதைச் சொல்லும்போது அட்டையை மேசைமேல் குப்புற வைத்துவிடுவார். எட்டாவது வாரமும் "இல்லை" என்றுதான் சொன்னார்; ஆனால் எட்டு வாரமும் நேரம் தவறாமல் வந்து உட்கார்ந்தார். உணர்ச்சி பொங்கி வழிந்த எங்களில் இருவர் அதற்குள் வராமலே போய்விட்டோம். அந்த இருவரில் ஒருவன் நான். ஓராண்டு கழித்து நான் தலைகுனிந்து திரும்பியபோது, எங்கே போயிருந்தாய் என்று கேட்காமல் தம் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தவர் அந்தக் கணக்கர்தான்.

ஆகவே மறுபடியும் போவதற்கு இடம் தேடாதீர்கள். உங்களை அழைத்துச் சென்ற நண்பரைக் கூப்பிட்டு, வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் என்று மட்டும் கேளுங்கள். குழு இல்லை என்று அவர் சொன்னால், நீங்களும் அவருமாக இருவர் ஆயிற்று. இன்னும் ஒருவரைத் தேடினால் போதும்.

கேள்வி: கத்தோலிக்கர் அல்லாதவர் கலந்துகொள்ளலாமா? – சீர்திருத்தச் சபை வாசகர் ஒருவர்

பதில்: அருளடையாளங்களை மையமாகக் கொண்டிருப்பதால் கத்தோலிக்கக் குர்சில்லோ கத்தோலிக்கருக்கே உரியது. ஆனால் நீங்கள் வருந்த வேண்டியதில்லை. இந்த வடிவத்தைப் பிற சபைகள் தாமாகவே விரும்பி எடுத்துக்கொண்டன. ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எப்பிஸ்கோப்பல் சபை அதே பெயரிலும், லூத்தரன் சபையினர் 'வியா தே கிறிஸ்தோ' என்ற பெயரிலும் நடத்துகிறார்கள். மெதடிஸ்ட் சபையின் 'அப்பர் ரூம்' அமைப்பு இதை எடுத்து நடத்தி, 1981 இல் 'எம்மாவூர் நடை' என்று பெயர் மாற்றியது. சபை வேறுபாடு பாராத 'திரேஸ் தியாஸ்' 1972 இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. இந்தக் கிளைகளில் என்னை மிகவும் கவர்ந்தது, 1976 இல் ஃபுளோரிடாவின் ஒரு சிறைச்சாலையில் தொடங்கிய 'கைரோஸ்'. அதில் கைதிகள் எங்கும் போவதற்கில்லை என்பதால் பணிக்குழுவினர் சிறைக்குள் போகிறார்கள்.

கேள்வி: எங்கள் பங்கில் இவர்கள் தனிக் கூட்டமாக நிற்கிறார்கள். தங்களுக்குள் புரியாத சொற்களில் வாழ்த்திக்கொள்கிறார்கள். போகாதவர்களை அரைக் கிறிஸ்தவர்களாகப் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட இயக்கம் பங்குக்கு நன்மையா, தீமையா? – பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதை நான் மறுக்கப்போவதில்லை. இந்தக் குறை இயக்கத்தின் கூடவே பிறந்தது. ஆயர் எர்வாஸ் 1955 இல் ஸ்பெயினின் மற்றொரு மறைமாவட்டமான சியுதாத் ரியாலுக்கு மாற்றலாகிப் போனதும், அவருக்குப் பின் மயோர்க்காவுக்கு வந்த ஆயர் 1956 இல் ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதிக் குர்சில்லோவைத் தம் மறைமாவட்டத்தில் தடுத்து நிறுத்தினார். பிறந்த வீட்டிலேயே கதவு மூடப்பட்டது. எர்வாஸ் அடுத்த ஆண்டே நீண்டதொரு மடலில் இயக்கத்தை ஆதரித்து எழுதினார். ஆறாம் பவுலின் ஆதரவு கிடைத்த பிறகு ஐயங்கள் பெருமளவு அடங்கின என்றாலும், நீங்கள் எழுதியிருப்பதைப் போன்ற முணுமுணுப்பு இன்றும் பல பங்குகளில் கேட்கிறது. 

அந்த வாழ்த்துச் சொல் 'தே கொலோரெஸ்'. பல வண்ணங்களில் என்பது பொருள். வசந்தம் வந்ததும் வயல்களும் பறவைகளும் வானவில்லும் வண்ணம் பூண்பதைப் பாடும் பழைய ஸ்பானிய நாட்டுப்பாடல் ஒன்றின் தொடக்கம் அது. அதில் வரும் சேவல்தான் இயக்கத்தாரின் சட்டையில் குத்தியிருக்கும் சின்னம். சீசர் சாவேஸும் குர்சில்லோ போய்வந்தவர். அவர் வழிநடத்திய அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர்களின் போராட்டங்களில் இதே பாட்டு ஒலித்தது. கூலி உயர்வு கேட்டு நடந்தவர்கள் பாடிய பாட்டை, ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நமக்குள் கண்ணடித்துக்கொள்ளும் குறிச்சொல்லாக ஆக்கிவிட்டோமே என்பதுதான் என் வருத்தம். மற்றவர் நடுவில் அந்த வாழ்த்தைத் தவிர்க்கச் சொல்லி நான் பணிக்குழுவில் இருந்தபோது சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.

ஒன்றில் மட்டும் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பங்கு வேலைக்கு ஆள் தருகிறதா என்பதை வைத்து இந்த இயக்கத்தை அளக்கிறீர்கள். மறைக்கல்வி ஆசிரியர்களையும் பாடகர் குழுவையும் உருவாக்குவது பொன்னினின் நோக்கமாக இருந்ததில்லை. கணக்கர் கணக்கராகவும், ஓட்டுநர் ஓட்டுநராகவும், இருந்த இடத்திலேயே நற்செய்தியின்படி வாழ வேண்டும் என்பதே அவர் விரும்பியது. குர்சில்லோ போய்வந்த ஒருவர் பங்கில் எந்தப் பொறுப்பும் ஏற்காமல் தம் கடையில் எடை குறைக்காமல் விற்றால், இயக்கம் தன் வேலையைச் செய்துவிட்டது. உங்கள் பங்கில் கூட்டமாக நிற்பவர்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அவர்கள் திங்கட்கிழமை எப்படி இருக்கிறார்கள் என்பதே.

கேள்வி: கணவர் போன பிறகுதான் மனைவி போக வேண்டுமாமே? – ஒரு வாசகி

பதில்: ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக நடத்துவதும், கணவரை முதலில் அனுப்புவதும் நெடுநாள் வழக்கம். மனைவி போய்வந்தால் கணவன் வேண்டுமென்றே போகாமல் இருந்துவிடுவான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இது நம்பிக்கைக் கோட்பாடு அன்று. பல இடங்களில் தளர்ந்துவிட்டது. உங்கள் மறைமாவட்டச் செயலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் தங்கை கணவரை இழந்து மூன்று மாதம் ஆகிறது. சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை. இந்தப் பயிற்சிக்கு அனுப்பினால் தேறுவாளா? – ஒரு வாசகர்

பதில்: இப்போது வேண்டாம், சகோதரரே. குர்சில்லோ மனநோய்க்கோ ஆறாத் துயருக்கோ மருந்தாக அமைக்கப்பட்டது அன்று. ஆள் தேர்ந்தெடுக்கும்போது, கடும் நெருக்கடியின் நடுவில் இருப்பவரை அது கடந்தபின் அழைத்து வாருங்கள் என்றே அனுபவமுள்ள பணிக்குழுவினர் சொல்வார்கள். இரவு பகல் பாராமல் உணர்ச்சியைக் கிளறும் மூன்று நாள்களை, தூக்கமே இல்லாத ஒருவர்மேல் ஏற்றக் கூடாது. உண்ணாமலும் உறங்காமலும் மூன்று மாதம் என்பதால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய் உடன் உட்காரக்கூடிய இரண்டு தோழிகள் கிடைத்தால், பயிற்சி தரக்கூடிய நன்மையில் முக்கியமானது அவருக்கு இப்போதே கிடைத்துவிடும்.

கேள்வி: என் அண்ணன் அடுத்த மாதம் போகிறார். அவருக்கு ஒரு 'பலாங்கா' எழுதித் தரும்படி அவருடைய நண்பர் என்னிடம் கேட்டிருக்கிறார். அது என்ன? அண்ணனும் நானும் சொத்துப் பிரிவினைக்குப் பிறகு அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை. என்ன எழுதுவது? – ஒரு வாசகர்

பதில்: 'பலாங்கா' என்றால் நெம்புகோல். தனியொருவரால் அசைக்க முடியாத பாரத்தைத் தூக்க நெம்புகோல் உதவுவதுபோல, பயிற்சியில் இருப்பவருக்காகப் பிறர் ஒப்புக்கொடுக்கும் செபத்துக்கும் ஒறுத்தலுக்கும் இந்தப் பெயரை வைத்தார்கள். ஒருவர் ஒருவேளை உணவை விடுவார், ஒருவர் இரவில் ஒரு மணி நேரம் நற்கருணை முன் அமர்வார். அதை இன்னாருக்காகச் செய்தேன் என்று ஒரு தாளில் எழுதித் தருவதும் வழக்கமாகி, நாளடைவில் அந்தக் கடிதத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆகவே முதலில் செய்யுங்கள், பிறகு எழுதுங்கள். செய்யாததை எழுத வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. விவிலிய வசனங்களை அடுக்காதீர்கள், அவர் திருந்த வேண்டும் என்ற தொனி எங்கும் வரக் கூடாது. சொத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாதீர்கள். மன்னித்துவிட்டேன் என்றும் எழுதாதீர்கள், அது வழக்கைத் திரும்பத் திறப்பதாகவே அவருக்குப் படும். சிறுவயதில் அவர் உங்களுக்காகச் செய்த ஏதேனும் ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். மிதிவண்டி ஓட்டக் கற்றுத் தந்திருக்கலாம், அடி வாங்கிக் காப்பாற்றியிருக்கலாம். அதை நடந்தது நடந்தபடி எழுதி, உங்களுக்காக இன்னின்ன நாள் இதைச் செய்தேன் என்று ஒரு வரி சேர்த்து, வீட்டில் அவர் உங்களை எந்தப் பெயரால் கூப்பிடுவாரோ அந்தப் பெயரில் கையெழுத்திடுங்கள். தட்டச்சு வேண்டாம், உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும். உறையை ஒட்டி, அண்ணனிடம் எதுவும் சொல்லாமல், அந்த நண்பரிடம் வியாழக்கிழமைக்குள் சேர்த்துவிடுங்கள்.